இடுப்புப் பையில் கைத்துப்பாக்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்பவர்களில் பெரும்பாலோர் அதனைக் கால்சட்டையின் பெல்ட்டோடு பிணைந்த உறையில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஓட்டப் பயிற்சிக்குப் போகும்போதும், கோடையில் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும் அணியும்போதும், பெல்ட்டுக்கே இடமில்லாத உடைகளிலும் அந்த உறையை வைக்க வழியிருப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே இடுப்புப் பை பயன்பாட்டுக்கு வந்தது. பணிநேரம் முடிந்த காவலர்களின் அடையாளமாகவே ஒரு காலத்தில் அறியப்பட்டிருந்த கறுப்பு இடுப்புப் பை, இன்று பல வடிவங்களிலும் வண்ணங்களிலும் எல்லாருக்கும் கிடைக்கிறது. அணிவது எளிது, கழற்றுவதும் எளிது என்பதால் பலரும் அதனை விரும்புகிறார்கள். கழற்றுவது எளிது என்பதுதான் அதன் பெரிய ஆபத்தும் ஆகும். பெல்ட்டில் இறுகிய உறை நாள் முழுவதும் உடலை விட்டுப் பிரிவதில்லை. பையோ உணவக மேசை, கார் இருக்கை, கழிப்பறைக் கொக்கி எனக் கண்ட இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். துப்பாக்கி உள்ளே இருக்கும்போதும் அதனை மற்றப் பைகளைப் போலவே நடத்துவதிலிருந்துதான் இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

முதல் தவறு, சாதாரணப் பயணப் பையை வாங்கி அதனுள் துப்பாக்கியை அப்படியே போட்டுவைப்பது. இன்றைய கைத்துப்பாக்கிகளில் பலவற்றில் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் தனிப் பாதுகாப்புப் பொத்தான் இருப்பதில்லை. குளாக் வகைகளில் ட்ரிகரைச் சுமார் இரண்டரை கிலோ விசையோடு இழுத்தாலே தோட்டா பாய்ந்துவிடும். இழுத்தது விரலா, சாவியா, பையின் கயிறா என்பதைத் துப்பாக்கி அறியாது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரஸ், 2008 நவம்பரில் மன்ஹாட்டனில் ஓர் இரவு விடுதிக்குச் சென்றபோது, உறை எதுவுமின்றிக் குளாக் துப்பாக்கியைக் கால்சட்டையின் இடுப்பில் செருகியிருந்தார். அது நழுவிக் காலோடு இறங்கியபோது வெடித்து, அவர் தொடையிலேயே தோட்டா பாய்ந்தது. நியூயார்க்கில் செல்லத்தக்க உரிமமும் அவரிடம் இல்லாததால் 2009இல் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. அது பையில் நடந்ததன்று. எனினும் ட்ரிகர் மூடப்படாமலும் துப்பாக்கி ஓரிடத்தில் நிலைத்து நில்லாமலும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பையை வாங்கும் முன் அதனுள் அமையும் உறையைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும். ட்ரிகரையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் முழுமையாக மூடும், கைடெக்ஸ் போன்ற கடினப் பொருளால் உங்கள் துப்பாக்கியின் வடிவத்துக்கென்றே வார்க்கப்பட்ட உறையே தேவை. எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும் என்று சொல்லிப் பைகளோடு இலவசமாகத் தரப்படும் மெல்லிய துணி உறையும் மீள்துணிப் பட்டையும் போதுமானவை அல்ல. துணிக்கு வெளியே அழுத்தும் விரலோ பொருளோ உள்ளே இருக்கும் ட்ரிகரையும் அழுத்திவிடும். உறை பைக்குள் அசையாதிருக்க வேண்டும் என்பதால், உள்சுவரில் அகலமான வெல்க்ரோ பரப்பு உள்ள பையைத் தேர்ந்தெடுத்து, துப்பாக்கியை உருவும்போது உறை கூடவே வந்துவிடாதபடி அதை ஒட்டவோ சிறு கயிற்றால் பையின் வளையத்தில் கட்டவோ வேண்டும். தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்து, உறை பைக்குள்ளேயே தங்குகிறதா என்று உறுதிசெய்யாமல் அந்தப் பையை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.

பையில் துப்பாக்கி இருக்கும் அறையில் வேறு எதையும் வைக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாது. சாவிக்கொத்து, நாணயம், கைபேசியின் கம்பி, உதட்டுப் பூச்சு என எதுவாயினும் அது துப்பாக்கிக்கும் கைக்கும் இடையில் வந்து சிக்கும். உறை சரியாக மூடாதிருந்தால் ட்ரிகர் வளையத்துக்குள்ளும் புகும். சிறு பொருள்களுக்குத் தனி அறை உள்ள பையை வாங்குங்கள். அந்தத் தனி அறையிலும் ஓட்டுநர் உரிமத்தை வைப்பதை நான் ஏற்க மாட்டேன். காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

அளவு குறித்த தவறு இரு பக்கமும் நிகழ்கிறது. குளாக் 19 ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் நீளமுடையது. தோட்டாக்கள் நிரம்பியபின் அதன் எடை 850 கிராமை எட்டும். அதைச் சிறிய பையில் திணித்தால் ஜிப் இறுக்கமாகி, பிடி வெளியே துருத்தி, பையின் வடிவமே உள்ளிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு நேர்மாறாக, சிக் பி365 போன்ற சிறிய துப்பாக்கியைப் பெரிய பையில் வைத்தால் மீதமுள்ள இடம் தானாகவே குப்பையால் நிரம்பும். எடையைத் தாங்கும் பட்டையும் முக்கியமானது. அரை அங்குலப் பட்டையும் மெல்லிய பிளாஸ்டிக் பக்கிளும் கொண்ட மலிவான பை, ஓடும்போது குதித்துக் குதித்து வயிற்றில் மோதும். அதனைத் தாங்க முடியாமல் அணிபவர் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார், அங்கேயே ஆபத்து தொடங்கிவிடும். அகலமான பட்டையும், இழுத்தாலும் விடாத பக்கிளும், உடலோடு ஒட்டி நிற்கும் தட்டையான முதுகுப்பக்கமும் உள்ளனவா என்று, அதே எடையை உள்ளே வைத்து நடந்தும் குனிந்தும் பார்த்தே வாங்க வேண்டும்.

தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். படைவீரர் உடையின் நிறம், வரிசையாகத் தைத்த நாடாக்கள், துப்பாக்கி நிறுவனத்தின் சின்னம் ஆகியவை உள்ள பையை அணிந்துகொண்டு மறைத்து எடுத்துச் செல்வதாக நினைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். மலையேறுவோரும் ஓடுவோரும் அணியும் சாம்பல் அல்லது நீல நிறப் பைகளோடு ஒத்திருப்பதே சிறந்தது. பையை அடிக்கடி தொட்டுப் பார்ப்பதும் சரிசெய்வதும் எந்தச் சின்னத்தையும்விட அதிகமாகக் காட்டிக்கொடுக்கும்.

உருவுவதில் நேரும் தவறுகள் உயிரோடு தொடர்புடையவை. பையிலிருந்து துப்பாக்கியை எடுக்க இரு கைகள் தேவை: இடக்கை ஜிப்பை அல்லது இழுகயிற்றை இழுத்துத் திறக்க, வலக்கை பிடியைப் பற்ற வேண்டும். அவசரத்தில் இடக்கை குழல்வாய்க்கு முன்னே வந்துவிடுவது மிக எளிது. இழுத்த கை மார்புப் பக்கமாக மேலேறி அங்கேயே நின்றுவிடுமாறு பழகிக்கொண்டால் இந்த ஆபத்து குறையும். துப்பாக்கி படுக்கைவாட்டில் கிடக்கும் பைகளில் குழல்வாய் எப்போதும் பக்கத்தில் நிற்பவரை நோக்கியே இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது சில பைகளில் அது அணிந்தவரின் தொடையை நோக்குகிறது. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்வாய் படக் கூடாது என்று துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளில் ஒன்று கூறுகிறது; அந்த விதியை இடுப்புப் பை இயல்பாகவே மீறச் செய்யும் என்பதால்தான் உறையின் கோணத்தை வீட்டிலேயே, துப்பாக்கியின் தோட்டா அறையையும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினையும் காலிசெய்து இருமுறை சரிபார்த்தபின், நின்றும் உட்கார்ந்தும் ஆராய வேண்டும். தோட்டாக்கள் வீட்டின் வேறோர் அறையில் இருக்கட்டும். வாங்கிய பையை ஒருமுறைகூடப் பழகாமல், தேவைப்படும்போது கை தானே வேலை செய்யும் என்று நம்புகிறவர்கள் பலர். ஜிப் சிக்கிக்கொள்வதும், பனிக்காலத்தில் மேலங்கி பையை மூடி நிற்பதும், ஒரு கையில் குழந்தை இருப்பதும் பழகிப் பார்த்தால்தான் தெரியவரும்.

எடுத்த துப்பாக்கியை மீண்டும் வைப்பது எடுப்பதைவிடக் கவனத்துக்குரியது. இடுப்பில் கட்டியிருக்கும் பைக்குள், கண்ணால் காணாமல், துணி மடிப்புகளுக்கிடையே துப்பாக்கியைத் தள்ளுவதே தவறுதலான வெடிப்புக்கு நேரடி வழி. பையைக் கழற்றி, உறையை வெளியே எடுத்து, குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, உறைக்குள் நூலோ துணியோ இல்லை என்று பார்த்தபின் துப்பாக்கியைச் செலுத்தி, உறையோடு சேர்த்தே பைக்குள் பொருத்த வேண்டும். இதற்கு யாரும் அவசரப்படுத்துவதில்லை.

எனினும் இவை அனைத்தையும்விடப் பெரிய தவறு, பையைக் கழற்றி வைப்பதுதான். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில், வால்மார்ட் கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த இளம் தாயின் கைப்பையை, தள்ளுவண்டியில் அமர்ந்திருந்த அவருடைய இரண்டு வயது மகன் திறந்தான். துப்பாக்கி வைப்பதற்கென்றே ஜிப்போடு தைக்கப்பட்ட தனி அறை அந்தப் பையில் இருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த பரிசு அது. குழந்தையின் கையில் சிக்கிய துப்பாக்கி வெடித்து, அந்தத் தாய் அங்கேயே இறந்தார். அவரிடம் உரிமம் இருந்தது, முறையான பையும் இருந்தது. பை மட்டும் உடலில் இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்த வகைப் பை தேவையா என்று கேட்பவர்களுக்கு, அதனைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் போகும் என்று உறுதிகூற முடியாவிட்டால் தேவையில்லை என்பதே என் பதில். பையின் ஜிப்பில் சிறு பூட்டைப் போடுவது பாதுகாப்புப் பெட்டி ஆகாது. கத்தரிக்கோலால் திறந்துவிடக்கூடிய துணிதான் அது. வீட்டுக்குள் நுழைந்ததும் கதவருகே மாட்டிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த இடத்திலேயே சுவரோடு பிணைத்த பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொள்ள வேண்டும். பொதுக் கழிப்பறையில் பையைக் கொக்கியில் மாட்டாமல் தோளில் குறுக்காக இறுக்கிக்கொள்ளலாம். காரில் விட்டுச்செல்வது திருடனுக்குக் கொடுப்பதற்குச் சமம்.

ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி முன்னர்ச் சொன்னதற்கு இப்போது வருகிறேன். சாலையில் காவலர் வண்டியை நிறுத்தி அடையாள அட்டையைக் கேட்கும்போது, துப்பாக்கி இருக்கும் பையை நோக்கிக் கை போவது எத்தகைய விளைவைத் தரும் என்பதை எண்ணிப் பாருங்கள். 2016 ஜூலையில் மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டில், தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் தாமாகவே பணிவோடு தெரிவித்தார்; அவரிடம் துப்பாக்கி உரிமமும் இருந்தது. அவர் கை அசைந்ததைத் துப்பாக்கியை எடுப்பதாகக் கருதிய காவலர் ஏழு முறை சுட்டதில் உயிரிழந்தார். அந்தக் காவலரை ஜூரி 2017இல் விடுவித்தது. அந்த அநீதியை எந்தப் பையும் தடுத்திருக்காது. ஆனாலும் ஓட்டுநர் உரிமமும் வண்டியின் ஆவணங்களும் துப்பாக்கியிலிருந்து முற்றிலும் விலகிய இடத்தில் இருப்பதும், கைகள் ஸ்டியரிங் மீது இருப்பதும், சொல்லிவிட்டு அனுமதி பெற்று அசைவதும் நம் கையில் உள்ளவை. மிச்சிகன் போன்ற சில மாநிலங்களில் உடனே தெரிவிப்பது சட்டப்படியும் கட்டாயம்.

சட்டத்தில் நேரும் தவறுகளில் முதன்மையானது, ஒரு மாநில உரிமம் நாடெங்கும் செல்லும் என்ற நம்பிக்கை. 2022 ஜூனில் வந்த புரூயன் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பொதுவெளியில் ஆயுதம் ஏந்தும் உரிமையை உறுதிப்படுத்தியது; 2024 இறுதியில் 29 மாநிலங்களில் உரிமமின்றியே எடுத்துச் செல்ல முடிந்தது. ஆனால் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் நியூஜெர்சியும் பிற மாநில உரிமத்தை ஏற்பதில்லை. பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஒரு பெண் 2013இல் நியூஜெர்சியில் காவலரிடம் உண்மையைச் சொன்னதாலேயே கைதாகி, 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கும்வரை அலைந்தார். உரிமம் செல்லும் மாநிலத்திலும் மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுசெல்வது குற்றம். சமூகப் பாதுகாப்பு அலுவலகமும் குடியேற்ற அலுவலகமும் அவற்றுள் அடங்கும்.

அங்கு வாழும் தமிழர்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. எச்-1பி, எல்-1, எஃப்-1 முதலிய தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. வேட்டை உரிமம் போன்ற குறுகிய விதிவிலக்குகளே உள்ளன. தடையை மீறினால் 15 ஆண்டு வரை சிறையும் அதன்பின் நாடுகடத்தலும் நேரலாம். மாநிலத்தில் உரிமமே தேவையில்லை என்று நண்பர் சொன்னதை நம்பி இதில் இறங்கக் கூடாது. பச்சை அட்டை கிடைத்தபின்னரே, அதுவும் வழக்குரைஞரிடம் கேட்டபின்னரே, யோசிக்கத்தக்கது இது.

கடைசியாக, ஒரே பையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது. 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் சுமார் 93 சதவீதம் தோட்டா நிரம்பியவை. பையில் இருப்பதையே மறந்துவிட்டேன் என்பதுதான் அங்கே அடிக்கடி கேட்கும் விளக்கம்; அபராதமோ ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். துப்பாக்கியை எடுத்துவிட்டாலும் ஆபத்து முடிவதில்லை. மடிப்பில் தங்கிய ஒற்றைத் தோட்டா இந்திய விமான நிலையத்தின் ஊடுகதிர்த் திரையில் தெரிந்தால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகும். தெரியாமல் தங்கியது என்று ஏற்று டெல்லி உயர்நீதிமன்றம் இத்தகைய வழக்குகள் பலவற்றை ரத்துசெய்திருக்கிறது; ஆனால் அதுவரை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியவர், இரண்டு வார விடுப்பில் ஊருக்கு வந்தவர். ஆகவே துப்பாக்கிக்கு வாங்கிய பையை அதற்கு மட்டுமே வைத்துக்கொண்டு, விமானப் பயணத்துக்கு, தோட்டா ஒருபோதும் படாத வேறொரு பையை வாங்கிக்கொள்ளுங்கள்.