பிறப்புக்குச் சாட்சி சொல்லப் பதவி தேவையில்லை

அமெரிக்காவில் க்ரீன் கார்டுக்கு ஐ-485 படிவத்தை நிரப்ப உட்காரும் நம்மவர்களில், எழுபதுகளில் கிராமத்து வீடுகளில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் முதல் தலைவலி. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்துவிட்டாலும், வீட்டுப் பிரசவத்தைப் பதிவு செய்ய யாரும் அலுவலகத்துக்கு நடந்ததில்லை. அப்படிப்பட்டவர்கள் பதிவாளரிடம் ‘பதிவு இல்லை’ என்ற சான்றை வாங்கி, பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்ற பழைய ஆவணங்களைச் சேர்த்து, பிறப்பை நேரடியாக அறிந்த இருவரின் அஃபிடவிட்டையும் (சத்தியம் செய்து தரும் எழுத்து வாக்குமூலத்தையும்) இணைக்க வேண்டும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சறுக்கியது அந்த இருவரைத் தேர்ந்தெடுத்ததில்.

ஒருவர் என் அம்மா. இன்னொருவராக, குடும்பத்தில் எந்தக் காகிதமானாலும் அவர் கையெழுத்துப் போட்டால் மறுபேச்சு இருக்காது என்பதால், ஓய்வுபெற்ற தாசில்தாரான சித்தப்பாவிடம் கேட்டோம். கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துக்காக வாசலில் காத்துக்கிடந்து வளர்ந்த நமக்கு வேறு எப்படித் தோன்றும்? நீதிமன்ற வாசலில் இருந்த நோட்டரி வழக்கமான வாசகத்தில் ‘எனக்கு நன்கு தெரியும்’ என்று தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, சிவப்பு வில்லையும் ஒட்டிக் கொடுத்தார். பார்ப்பதற்கு அத்தனை கம்பீரமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து, கூடுதல் ஆதாரம் கேட்டு அமெரிக்கக் குடியேற்றத் துறையிடமிருந்து ஆர்.எஃப்.ஈ. என்ற கடிதம் வந்தது. சாட்சி சொன்னவருக்கு இந்தப் பிறப்பு எப்படித் தெரியும் என்பது ஒரே கேள்வி. அதற்கு எங்களிடம் பதிலே இல்லை. சித்தப்பா என் சித்தியை மணந்ததே நான் பிறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தக் கல்யாணத்தில் பட்டுப்பாவாடையோடு நான் சந்தனக் கிண்ணம் ஏந்தி நிற்கும் புகைப்படம் இன்றும் அம்மா வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

நான் பிறந்த இரவில் அந்த வீட்டில் இருந்தவர் பெரியம்மா. அவருக்குக் கைநாட்டுதான் என்பதால் முதலில் அவரை யாரும் நினைக்கவே இல்லை. அதை எழுத இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தொலைபேசியில் கேட்டபோது, “கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், விடாத மழை, நான்தான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப்போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தேன்” என்று மூச்சு விடாமல் சொன்னார். வழக்கறிஞர் வெட்டிவிடச் சொன்ன அந்த விளக்கையும் வாய்க்காலையும் நான் வெட்டவில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை அதில்தான் இருந்தது.

பெரியம்மாவின் முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதியும் இடமும், எனக்கு என்ன உறவு, நான் எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தேன், அது அவருக்கு எப்படித் தெரியும் என்பவற்றைத் தமிழிலேயே எழுதினோம். நோட்டரி அதை வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதாகக் குறிப்பெழுதிய பிறகே ரேகை வைக்கச் சொன்னோம். ஆங்கில மொழிபெயர்ப்பை இரு மொழியும் அறிந்த நண்பர் செய்து, அது முழுமையானது, சரியானது, மொழிபெயர்க்கும் தகுதி தமக்கு உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த உறுதிமொழி இல்லாத மொழிபெயர்ப்பு செல்லாது.

சாட்சி சொல்பவர் அமெரிக்காவிலேயே இருந்தால், நம் ஊர்ப் பழக்கத்தில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பக் கூடாது; அடையாள அட்டையோடு நேரில் போய், நோட்டரியின் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். இங்கே நோட்டரி பெரும்பாலும் வழக்கறிஞர் அல்லர் என்பதால், எழுதியிருப்பது போதுமா என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. நோட்டரி கிடைக்காவிட்டால், பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வாசகத்தோடு தேதியிட்டுக் கையெழுத்திட்ட அறிக்கையையும் கூட்டாட்சிச் சட்டம் ஏற்கிறது.

ஆர்.எஃப்.ஈ.க்குப் பதில் தர அதிகபட்சம் 12 வாரங்கள்தான், கேட்டவை எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பிவிட வேண்டும். ஊரிலிருந்து மூலப்பிரதி கூரியரில் வந்து சேரும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் கழியும் என்பதால், கடிதம் கைக்கு வந்த அன்றே உங்கள் பெரியம்மாவைக் கூப்பிட்டுவிடுங்கள்.