நெய்பர் ‘ஃபுல்’, ஆனால் பிங் போகவில்லை: விர்ச்சுவல் ரவுட்டரில் நடக்கும் தவறுகள்

லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் ஒன்றை ரவுட்டராக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எஃப்ஆர்ஆர் மென்பொருளைத்தான் நிறுவுகிறார்கள். முதலில் ஜீப்ரா இருந்தது. அதிலிருந்து குவாக்கா வந்தது, குவாக்காவிலிருந்து 2017-ல் எஃப்ஆர்ஆர் பிரிந்தது. எல்லா ரவுட்களையும் (பாக்கெட் எந்த வழியே போக வேண்டும் என்ற பதிவுகளை) திரட்டி, லினக்ஸின் மையமான கர்னலில் எழுதும் டீமனுக்கு (பின்னணியில் ஓடும் நிரலுக்கு) இன்னும் ஜீப்ரா என்றே பெயர் இருப்பது இதனால்தான்.

இந்தப் பெயரை ஏன் முதலிலேயே சொல்கிறோம் என்றால், ஒரு ரவுட் மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கலாம். ஓஎஸ்பிஎஃப் அல்லது பிஜிபி (ரவுட்டர்கள் ரவுட்களைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறைகள்) டீமனின் சொந்த அட்டவணை ஒன்று, ஜீப்ராவின் அட்டவணை இரண்டு, லினக்ஸ் கர்னல் மூன்று. பாக்கெட்டை அனுப்புவது கர்னல் மட்டுமே. முதல் இடத்தில் ரவுட்டைப் பார்த்துவிட்டு மூன்றாவது இடத்திலும் இருக்கும் என்று நம்பிவிடுவதுதான் கீழே வரும் தவறுகளில் பாதிக்கு வேர்.

டீமனே ஓடாமல் கட்டளை அடிப்பது

நிறுவியவுடன் ஜீப்ரா ஓடும். ஓஎஸ்பிஎஃப், பிஜிபி டீமன்களான ஓஎஸ்பிஎஃப்டி, பிஜிபிடி இரண்டும் ஓடாது. எஃப்ஆர்ஆரின் அமைப்பு ஃபோல்டரில் ‘டீமன்ஸ்’ என்றொரு கோப்பு இருக்கும். அதில் ‘ஓஎஸ்பிஎஃப்டி=நோ’ என்பதை ‘யெஸ்’ ஆக்கி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எஃப்ஆர்ஆரின் கட்டளைத் திரையான விடிஒய்எஸ்எச் ஷெல்லில் நீங்கள் அடிக்கும் ஓஎஸ்பிஎஃப் வரிகள் எங்கும் போய்ச் சேராது. ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’கில் தேடினாலும் கிடைக்காது. எது ஓடுகிறது என்பதை ‘ஷோ டீமன்ஸ்’ ஒரே வரியில் சொல்லிவிடும்.

டீமன்ஸ் கோப்பை மாற்றினால் மட்டும் ரீஸ்டார்ட். மற்ற மாற்றங்களுக்கு ரீலோட் போதும். ரீலோட் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பையும் கோப்பையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் ஏற்றும். ரீஸ்டார்ட் எல்லா நெய்பர்களையும் (ரவுட் பரிமாறும் எதிர்ப்பக்க ரவுட்டர்களுடனான இணைப்பை) கீழே தள்ளி மறுபடி எழுப்பும்.

எஃப்ஆர்ஆரின் வழக்கமான முறையில் கமிட் (மாற்றங்களைச் சேர்த்து ஒரேயடியாக அமலாக்கும் கட்டளை) தேவையில்லை. என்டர் தட்டிய நொடியே கட்டளை அமலுக்கு வரும், ‘ரைட் மெமரி’ அடிக்காவிட்டால் ரீபூட்டில் காணாமல் போகும். வியாஸ் என்ற ரவுட்டர் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர். வியாஸுக்கு உள்ளே இருப்பதும் எஃப்ஆர்ஆர்தானே என்று நேராக விடிஒய்எஸ்எச்சில் நுழைந்து திருத்துவார்கள். அந்தத் திருத்தம் வியாஸின் கணக்கில் ஏறாது, ரீபூட் ஆனால் நிலைக்காது. அங்கே பார்ப்பதற்கு மட்டும் விடிஒய்எஸ்எச். மாற்றுவதற்கு செட், கமிட், சேவ். தொலைவிலிருந்து வேலை செய்கிறீர்கள் என்றால் ‘கமிட்-கன்ஃபர்ம்’ போடுங்கள். குறித்த நிமிடங்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் ரவுட்டர் தானாகப் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

கர்னலை மறப்பது

ரவுட்டரிலிருந்து பிங் போகிறது, ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் மெஷினிலிருந்து போகவில்லை என்றால் ஓஎஸ்பிஎஃப்பைத் தொடாதீர்கள். ‘ஷோ ஐபி ஃபார்வர்டிங்’ அடித்துப் பாருங்கள். ஆஃப் என்று வந்தால் லினக்ஸ் இன்னும் சாதாரண கணினியாகத்தான் இருக்கிறது. கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் ஐபிவி4 ஃபார்வர்டிங்கை (பிறருடைய பாக்கெட்டைக் கடத்துவதை) 1 ஆக்குங்கள். ஐபிவி6-க்குத் தனி மதிப்பு உண்டு, அதையும் சேர்த்து. கட்டளையாக மட்டும் அடித்தால் ரீபூட்டில் போய்விடும். சிஸ்கன்ட்ரோல் கோப்பில் எழுதி வையுங்கள்.

அடுத்தது ரிவர்ஸ் பாத் ஃபில்டர், அதாவது பாக்கெட் வந்த வழியைச் சரிபார்க்கும் கர்னல் சோதனை. பாக்கெட் ஒரு இன்டர்ஃபேஸ் வழியே வந்து, பதில் வேறு இன்டர்ஃபேஸ் வழியே போக வேண்டியிருந்தால், மதிப்பு 1 இருக்கும்போது கர்னல் அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். இரண்டு பாதைகள் உள்ள டைனமிக் ரவுட்டிங்கில் இது தினசரி நடப்பது. இங்கே பலரும் வழுக்குவது ‘ஆல்’ என்பதை மட்டும் 0 ஆக்கிவிட்டு நகர்வதில். ‘ஆல்’ மதிப்பு, அந்த இன்டர்ஃபேஸின் மதிப்பு இரண்டில் எது பெரியதோ அதைத்தான் கர்னல் எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்டர்ஃபேஸில் 1 இருந்தால் ‘ஆல்’ 0 ஆனாலும் பயனில்லை. முழுவதும் அணைக்க மனமில்லையென்றால் 2 வையுங்கள். அது தளர்வான சோதனை. மார்ஷியன் பாக்கெட்டுகளை (வரக்கூடாத வழியில் வந்தவற்றை) லாக் செய்யும் மதிப்பை ஆன் செய்தால் விழும் பாக்கெட்டுகள் கர்னல் லாக்கான டிமெசேஜில் தெரியும்.

கிளவுடில் இன்னொரு பூட்டும் உண்டு. அமேசானின் தனி நெட்வொர்க்கான விபிசியில் மெஷினின் சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக் ஆனில் இருந்தால், தனக்கு வராத பாக்கெட்டை அந்த மெஷின் கடத்தவே முடியாது. சாதாரண விபிசி சப்நெட்டில் மல்டிகாஸ்ட்டும் (ஒரே பாக்கெட்டைப் பலருக்கு அனுப்புவது) போகாது. 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு ஹெலோ (அறிமுகப் பாக்கெட்) அனுப்பும் ஓஎஸ்பிஎஃப் அங்கே நெய்பரைக் கண்டுபிடிக்காமல் உட்கார்ந்திருக்கும். டனல் போடுங்கள், அல்லது யூனிகாஸ்ட் டிசிபியில் ஓடும் பிஜிபிக்கு மாறுங்கள்.

ஒரு நட்சத்திரக் குறியைப் படிக்காமல் விடுவது

‘ஷோ ஐபி ரூட்’ வெளியீட்டில் இப்படி இரண்டு வரிகள் இருக்கின்றன என்று வையுங்கள்:

கே>* 0.0.0.0/0 [0/100] வயா 192.168.122.1, இஎன்எஸ்3
ஓ 0.0.0.0/0 [110/10] வயா 10.20.0.1, இஎன்எஸ்4

ஓஎஸ்பிஎஃப்பில் டீஃபால்ட் ரவுட் வந்துவிட்டது என்று இரண்டாவது வரியைப் பார்த்து மகிழ்பவர்கள்தான் அதிகம். ஆனால் தேர்வானது ‘>’ உள்ள வரி. கர்னலில் ஏறியது ‘*’ உள்ள வரி. இரண்டு குறிகளும் மேல் வரியில்தான் இருக்கின்றன. ‘கே’ என்றால் எஃப்ஆர்ஆர் எழுதாமல் வேறு யாரோ கர்னலில் வைத்த ரவுட். இங்கே அந்த யாரோ, மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸுக்கு டிஎச்சிபி வழியே வந்த டீஃபால்ட் கேட்வே. அடைப்புக்குள் இருக்கும் முதல் எண் டிஸ்டன்ஸ்: கர்னலுக்கு 0, ஸ்டேட்டிக்குக்கு 1, இபிஜிபிக்கு (வெளி நெட்வொர்க்குடனான பிஜிபி) 20, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ஐபிஜிபிக்கு (ஒரே நெட்வொர்க்குக்குள் ஓடும் பிஜிபி) 200. சிறியது வெல்லும். ஓஎஸ்பிஎஃப் என்ன செய்தாலும் 0-வை வெல்லாது. இரண்டாவது எண்ணான 100 மெட்ரிக். டிஸ்டன்ஸ் சமமாக இருந்தால் தவிர அதற்கு வேலையில்லை.

உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பான நெட்பிளானில் அந்த இன்டர்ஃபேஸுக்கு டிஎச்சிபி ரவுட்களை ஏற்க வேண்டாம் என்று எழுதலாம். அதைவிடச் சுத்தமான வழி, மேனேஜ்மென்ட்டைத் தனி விஆர்எஃப்பில் (தனி ரவுட்டிங் அட்டவணை கொண்ட பிரிவில்) ஒதுக்குவது. எப்படிச் செய்தாலும் கடைசியில் விடிஒய்எஸ்எச்சை விட்டு வெளியே வந்து, லினக்ஸின் ‘ஐபி ரூட் ஷோ’ அடித்து ஒருமுறை பாருங்கள். எஃப்ஆர்ஆர் ஏற்றிய ஓஎஸ்பிஎஃப் ரவுட் ‘புரோட்டோ ஓஎஸ்பிஎஃப்’ என்ற குறியோடு அங்கே இருந்தால்தான் வேலை முடிந்தது.

ஓஎஸ்பிஎஃப்

சிஸ்கோ பழக்கத்தில் ‘நெட்வொர்க் 10.20.0.0 0.0.0.255 ஏரியா 0’ என்று அடித்தால் எஃப்ஆர்ஆர் ஏற்காது; வைல்ட்கார்ட் மாஸ்க் இங்கே இல்லை, 10.20.0.0/24 என்றுதான் எழுத வேண்டும். இதில் பிழைச்செய்தி வருவதால் பிடித்துவிடலாம். பிடிபடாதது இன்னொன்று: இன்டர்ஃபேஸில் /23 இருக்க, நெட்வொர்க் வரியில் /24 எழுதினால் எந்தப் புகாரும் இல்லாமல் அந்த இன்டர்ஃபேஸில் ஓஎஸ்பிஎஃப் ஓடாமல் இருக்கும். நம் பரிந்துரை, நெட்வொர்க் வரியையே விட்டுவிட்டு இன்டர்ஃபேஸின் கீழ் ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் ஏரியா 0’ எழுதுவது. இரண்டையும் கலக்க முடியாது; பழைய வரிகளை முதலில் நீக்க வேண்டும்.

நெய்பர் ‘ஃபுல்’ (இணைப்பு முழுமை) நிலையை எட்டாமல் எக்ஸ்ஸ்டார்ட்டிலோ எக்ஸ்சேஞ்சிலோ நின்றுவிட்டால் முதல் சந்தேகம் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மீது விழட்டும். ஹெலோ சிறிய பாக்கெட், எதிலும் நுழைந்துவிடும். அடுத்து வரும் டேட்டாபேஸ் விவரணப் பாக்கெட்டில் அனுப்புபவரின் எம்டியூ எழுதியிருக்கும். தன்னுடையதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நிராகரித்துவிடும். ஒரு முனையில் 1500, மறு முனையில் விஎக்ஸ்லேனுக்காக 50 பைட் கழித்த 1450, அல்லது ஜிஆர்இ டனலின் 1476 என்று இருந்தால் இதுதான் நடக்கும். ‘எம்டியூ-இக்னோர்’ போட்டு ஃபுல்லுக்குக் கொண்டுவருவது காய்ச்சல்மானியை உடைப்பது போல. நெய்பர் எழும், பெரிய பாக்கெட்டுகள் வழியில் செத்துக்கொண்டே இருக்கும். துண்டாக்கத் தடை போட்டு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் சரியாக 1500. அது போகாத இடத்தில் இரு முனைகளிலும் எம்டியூவைச் சமமாக்குங்கள்.

குளோன் செய்த மெஷின்களில் ரவுட்டர்-ஐடியும் (ஒவ்வொரு ரவுட்டருக்கும் உரிய அடையாள எண்) குளோன் ஆகியிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நெய்பர் ஆகாது, உடனே தெரிந்துவிடும். இரண்டு தாவல் தள்ளி இருந்தால்தான் தலைவலி. ஒரே பெயரில் இருவர் மாறி மாறி எல்எஸ்ஏ (தன் இணைப்புகளைச் சொல்லும் அறிவிப்பு) அனுப்ப, ரவுட்கள் வருவதும் போவதுமாக ஆடும். ஒவ்வொரு மெஷினிலும் ரவுட்டர்-ஐடியைக் கையால் எழுதுங்கள். (மெஷின்-ஐடியும் குளோன் ஆகியிருந்தால் டிஎச்சிபி இருவருக்கும் ஒரே முகவரி கொடுக்கக்கூடும். அது தனிக் கூத்து.)

ஃபுல் இருக்கிறது, ஆனால் ரவுட் ஒன்றுகூட வரவில்லை என்றால் நெட்வொர்க் டைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் பிராட்காஸ்ட், மறுபக்கம் பாயின்ட்-டு-பாயின்ட் என்றால் இரண்டுக்கும் ஹெலோ 10 நொடி, டெட் 40 நொடி என்பதால் கை குலுக்கிக்கொள்ளும். ஆனால் வரைபடம் பொருந்தாது, ரவுட் கணக்கிடப்படாது. மாறாக, ஒரே சப்நெட்டில் நான்கைந்து ரவுட்டர்கள் இருக்கையில் சிலவற்றுக்கிடையே ‘2-வே’ என்று நிற்பது கோளாறு அல்ல. டிஆர் (அந்த சப்நெட்டின் தலைமை ரவுட்டர்), பிடிஆர் (அதன் மாற்று) அல்லாதவர்கள் தங்களுக்குள் அதற்கு மேல் போகமாட்டார்கள்.

நெய்பர் ‘இனிட்’ நிலையில் நின்றால், அவர் ஹெலோ நமக்கு வருகிறது, நம் ஹெலோ அவரிடம் ஏறவில்லை என்று பொருள். அவர் பக்க ஃபயர்வாலைத் திறக்கச் சொல்லுங்கள். ஓஎஸ்பிஎஃப்புக்கு போர்ட் எண் இல்லை, ஐபி புரோட்டோகால் 89-ஐத் திறக்க வேண்டும். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் ஹெலோ தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள்: உள்ளே வரும் பாக்கெட்டை அது ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும். டீமனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அது சாட்சி இல்லை.

பிஜிபி

‘ஷோ பிஜிபி சம்மரி’யில் ‘ஆக்டிவ்’ என்று வந்தால் நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் உண்டு. நெய்பர் எழவில்லை, டிசிபி 179-க்கு முயன்றுகொண்டிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். எழுந்திருந்தால் அந்தக் கட்டத்தில் வந்த ரவுட்களின் எண் இருக்கும், 0 ஆக இருந்தாலும்.

எண்ணுக்குப் பதில் ‘பாலிசி’ என்று வந்தால், இபிஜிபி நெய்பருக்கு ரவுட்-மேப்போ (எந்த ரவுட்டை ஏற்பது, அனுப்புவது என்ற விதிகள்) ஃபில்டரோ இல்லாததால் எஃப்ஆர்ஆர் எதையும் ஏற்கவும் அனுப்பவும் மறுக்கிறது. இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8212 சொல்லும் நடத்தை இது. இந்தத் தடையை அணைக்கும் கட்டளை இருக்கிறது, சோதனை லேபோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். உண்மையான நெய்பரிடம் இரண்டு திசைக்கும் ரவுட்-மேப் எழுதுங்கள்.

‘நெட்வொர்க்’ வரியில் எழுதிய பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி), அதே நீளத்தோடு ரவுட்டிங் அட்டவணையில் இல்லையென்றால் விளம்பரமாகாது. 10.20.0.0/16 என்று எழுதிவிட்டு அட்டவணையில் /24-கள் மட்டும் வைத்திருந்தால், பாக்கெட்டை விழுங்கிவிடும் ‘நல்’ (Null) இன்டர்ஃபேஸை நோக்கி ஒரு ஸ்டேட்டிக் /16 போட வேண்டும். பாலிசி மாற்றிய பிறகு ‘கிளியர் பிஜிபி *’ என்று மொட்டையாக அடித்தால் எல்லா செஷனும் அறுந்து விழும். கடைசியில் ‘சாஃப்ட்’ சேர்க்க மறவாதீர்கள்.

விஆர்எஃப்

விஆர்எஃப் பெயர் சொல்லாமல் அடிக்கும் ஒவ்வொரு ஷோ கட்டளையும் டீஃபால்ட் விஆர்எஃப்பைத்தான் காட்டும். ரவுட் காணவில்லை என்று அலறும் முன் ‘ஷோ ஐபி ரூட் விஆர்எஃப் ஆல்’ அடியுங்கள். பிங்குக்கும் இதே விதி. ‘ஐபி விஆர்எஃப் எக்ஸெக்’ முன்னால் இல்லாவிட்டால் வேறு அட்டவணையில் தேடிக்கொண்டிருக்கும். விஆர்எஃப் அட்டவணையில் பொருந்தும் ரவுட் இல்லையென்றால் தேடல் அதோடு நிற்காது, மெயின் அட்டவணைக்கு வழிந்துவிடும். பிரிவினையே பொருளற்றுப் போகும். அதனால் விஆர்எஃப் உருவாக்கியவுடன் அந்த அட்டவணையில் மிகப் பெரிய மெட்ரிக்கோடு ‘அன்ரீச்சபிள் டீஃபால்ட்’ ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

டிபக் ஆன் செய்தவர்கள் ‘ஷோ டிபக்கிங்’ அடித்து, தெரியும் ஒவ்வொன்றையும் ‘நோ’ போட்டு அணையுங்கள். கான்ஃபிக் மோடில் அடித்த டிபக் ‘ரைட் மெமரி’யோடு கோப்பில் போய்விடும், அடுத்த ரீபூட்டிலும் எழுந்து வந்து லாக்கை நிரப்பும்.