மூன்று மொழிக்கும் ஒரே டெம்ப்ளேட்: சங்க வேலைக்கு லிப்ரே ஆபீஸ்

மும்பையில் ஒரு தமிழ்ச் சங்கத்தை நடத்துகிறவருக்கு மூன்று மொழி வேண்டும். உறுப்பினர்களுக்குத் தமிழ், வார்டு அலுவலகத்துக்கு மராத்தி, வங்கிக்கு ஆங்கிலம். காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் மூன்றையும் தாங்கும். நிறுவிய கையோடு டைப் செய்ய உட்கார்ந்தால்தான் எழுத்து ஒரு அளவு, எண் ஒரு அளவு என்று கோணிக்கொள்ளும். அரை மணி நேரம் செட்டிங்குக்கு ஒதுக்குங்கள்.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ், ஜெனரல் என்று போங்கள். (பழைய பதிப்புகளில் லாங்குவேஜ் செட்டிங்ஸ்.) லொகேல் (எந்த நாட்டு வழக்கம்) என்ற இடத்தில் இங்கிலீஷ் (இந்தியா) இருக்க வேண்டும். அமெரிக்க ஆங்கிலமாக விட்டுவிட்டால் ஜூன் 4 என்று நினைத்து நீங்கள் அடித்த 4/6-ஐ, அட்டவணை போடும் பகுதியான கால்க், ஏப்ரல் 6 ஆக்கிவிடும். கடிதம் எழுதும் பகுதியான ரைட்டரும் ஏ4-க்குப் பதில் லெட்டர் தாளைத் திறக்கும்; அது 279 மி.மீ. உயரம், நம் ஏ4 297 மி.மீ. பிரிண்டரில் அடிப்பகுதி இடம் மாறுவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

அதே பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை டிக் செய்து, மொழியைத் தமிழ் ஆக்குங்கள். இனி எல்லாம் இந்த ஒரு டிக்கை ஒட்டித்தான். லிப்ரே ஆபீஸ் ஒவ்வொரு ஸ்டைலிலும் (தலைப்பு, பாரா போன்றவற்றின் தோற்ற அமைப்பு) எழுத்துருவைத் தனித்தனி அறைகளாக வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியவை இரண்டு: ஆங்கிலத்துக்கு வெஸ்டர்ன், நம் மொழிகளுக்கு சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டின் சுருக்கம்). டூல்பாரில் அளவை 14 ஆக்கினால் பல சமயம் ஒரு அறை மட்டும் மாறும்; தமிழ் பெரிதாகும், நடுவில் வரும் ஆங்கிலப் பெயர் 12-லேயே நிற்கும். போல்டுக்கும் இதே கதை. ஆகவே டூல்பாரைத் தொடாமல், ஆப்ஷன்ஸில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்பதன் கீழ் உள்ள பேசிக் ஃபாண்ட்ஸ் (சிடிஎல்) பக்கத்தில் எழுத்துருவையும் அளவையும் ஒரே தடவை அமைத்துவிடுங்கள். தலைப்பு, பட்டியல் எல்லாவற்றுக்கும் அங்கேயே இடம் உண்டு. ஆங்கிலம் 12 என்றால் தமிழுக்கு 11 போதும்; நம் எழுத்து அகலம் கூடியது.

எந்த எழுத்துரு? தமிழும் தேவநாகரியும் ஒரே சிடிஎல் அறைக்குள்தான் இருந்தாக வேண்டும். விண்டோஸில் நிர்மலா யூஐ எடுத்தால் இரண்டும் அதிலேயே இருக்கின்றன, வேலை முடிந்தது. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்தால் மராத்தி வரிகளுக்கு எங்கிருந்தோ ஒரு எழுத்துருவை அதுவாகத் தேடிப் பிடிக்கும். கணினிக்குக் கணினி தோற்றம் மாறும். அங்கே எஃப்11 அழுத்தி மராத்திக்கென்று தனி பாரா ஸ்டைல் உருவாக்கி, நோட்டோ சான்ஸ் தேவநாகரியையும் மராத்தி மொழியையும் கொடுத்துவிடுங்கள். வரி இடைவெளியை ஃபிக்ஸ்டு என்று வைக்காதீர்கள், மேலே சுழியும் கீழே கொம்பும் வெட்டுப்படும். ப்ரொபோர்ஷனல் 115 சதவீதம் நன்றாக இருக்கும்.

அடுத்தது லெட்டர்ஹெட். பேஜ் ஸ்டைலில் ஹெடர் பக்கம் போய் ஹெடரை இயக்கி, முதல் பக்கத்திலும் அதே உள்ளடக்கம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சங்கப் பெயரும் முகவரியும் முதல் பக்கத்தோடு நிற்கும். லோகோவுக்கு ஆங்கர் ஆஸ் கேரக்டர் என்று இருக்கட்டும். இல்லாவிட்டால் பாராவோடு சேர்ந்து ஊர்வலம் போகும். பிறகு ஃபைல், டெம்ப்ளேட்ஸ், சேவ் ஆஸ் டெம்ப்ளேட். அடுத்த முறை கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது தயாராக நிற்கும்.

பின்னால் டெம்ப்ளேட்டைத் திருத்தினால், அதில் பிறந்த பழைய கடிதத்தைத் திறக்கும்போது ஸ்டைலைப் புதுப்பிக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். கீப் ஓல்டு ஸ்டைல்ஸ் என்று அவசரத்தில் தட்டிவிட்டால் அந்தக் கடிதத்துக்கும் டெம்ப்ளேட்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும், மறுபடி கேட்காது.

சந்தா நினைவூட்டலுக்கு உறுப்பினர் பட்டியல் கால்க்கில் இருக்கட்டும். முதல் வரிசை தலைப்புகள், ஒரு வரிசைக்கு ஒரு உறுப்பினர். செல்களை மெர்ஜ் செய்யக் கூடாது, நடுவில் காலி வரிசை கூடாது. தலைப்புகளை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் சின்னதாக வையுங்கள். பின்கோடு, மொபைல், உறுப்பினர் எண் ஆகிய பத்திகளை (காலம்) நிரப்புவதற்கு முன்பே டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள். தாராவியின் 400017, கமா போட்டு 4,00,017 ஆகக் கடிதத்தில் வந்து நிற்பதும், 007 என்ற உறுப்பினர் வெறும் 7 ஆவதும் இதைச் செய்யாததால்தான். ஏற்கெனவே எண்ணாக நிரப்பியிருந்தால் ஃபார்மட்டை மாற்றினால் மட்டும் தீராது. பத்தியைத் தேர்ந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், பத்தி வகையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். போன பூஜ்ஜியங்களை மட்டும் கையால்தான் போட வேண்டும்.

பாக்கி உள்ளவருக்கு மட்டும் ஒரு வரி வர வேண்டுமா? ரைட்டரில் நிபந்தனை எழுதிக் கஷ்டப்பட வேண்டாம். கால்க்கிலேயே கூடுதலாக ஒரு பத்தி போட்டு, பாக்கி இருந்தால் முழு வாக்கியமும் இல்லாவிட்டால் வெற்றிடமும் வரும்படி இஃப் சூத்திரம் கொடுங்கள். ரைட்டரில் அந்தப் பத்தியின் ஃபீல்டு (பட்டியலின் தகவல் வந்து விழும் இடம்) தனி வரியில் தனியாக நிற்கட்டும். காலியாக வரும் தரவு ஃபீல்டின் வரியை ரைட்டர் தானே மறைத்துவிடும். முகவரியின் இரண்டாம் வரிக்கும் இதே உபாயம்.

பட்டியலைக் கடிதத்தோடு இணைப்பதற்கு ஃபைல், நியூ, டேட்டாபேஸ். இருக்கும் தரவோடு இணை என்பதில் ஸ்ப்ரெட்ஷீட் தேர்ந்து, ரெஜிஸ்டர் செய்யுங்கள். உபுண்டுவில் பேஸ் என்ற பகுதியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். ரைட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்4 அழுத்தினால் பட்டியல் மேலே விரியும். பத்தித் தலைப்பைப் பிடித்து இழுத்துக் கடிதத்தில் போடுங்கள். பிரிண்ட் கொடுத்ததும் ஃபார்ம் லெட்டரா (ஆளுக்கு ஒன்றாக அடிக்கும் கடிதமா) என்று கேட்கும்; ஆம் என்று சொல்லி, கோப்பாக, தனித்தனியாக, பெயருக்கு உறுப்பினர் எண் பத்தி என்று தேருங்கள். முதலில் இரண்டே பேருக்கு ஓட்டிப் பாருங்கள். கால்க் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் இணைப்பு அறுந்துவிடும். கால்க்கில் திருத்தியது கடிதத்தில் வரவில்லையென்றால், சேமித்துவிட்டு லிப்ரே ஆபீஸை முழுக்க மூடித் திறங்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு வேர்டு கோப்பு அனுப்பாதீர்கள். அங்கே தமிழ் எழுத்துரு எது இருக்குமோ தெரியாது. பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு உள்ளேயே போய்விடும். எக்ஸ்போர்ட் பெட்டியில் ஹைப்ரிட் பிடிஎஃப் என்பதை டிக் செய்தால், அதே கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்து திருத்தவும் முடியும். கடையில் ஃபிட் டு பேஜ் வேண்டாம், 100 சதவீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

நிர்வாகக் குழு மாறும்போது டெம்ப்ளேட் பழைய செயலாளரின் லேப்டாப்பிலேயே தங்கிவிடுவது வழக்கம். டெம்ப்ளேட்ஸ் பெட்டியில் எக்ஸ்போர்ட் கொடுத்து, அந்தக் கோப்பையும் உறுப்பினர் பட்டியலையும் சங்கத்தின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.