எண்ணெய் வழியும் முகத்துக்குப் புதுச்சேரி வெயிலில் எந்த சன்ஸ்க்ரீன்?

டிசம்பர் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களில் பலர் சன்ஸ்க்ரீனைப் பெட்டியில் எடுத்து வைப்பதே இல்லை. மார்கழி குளிர்தானே, மழைகூட இருக்கும் என்று ஒரு நினைப்பு. சூடு குறைவு என்பது உண்மைதான். ஆனால் முகத்தைக் கறுக்க வைப்பது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். புதுச்சேரியும் கடலூரும் நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரிக்குள் இருக்கின்றன. அதனால் டிசம்பர் நண்பகலிலும் இங்கே புற ஊதாக் குறியீடு (அந்தக் கதிரின் வலிமையைச் சொல்லும் எண்) 8-ஐ ஒட்டி இருக்கும். லண்டனில் ஜூன் மாத உச்சி வெயிலே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதங்களில் 11-ஐத் தாண்டிவிடும். குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எடுத்து வருகிறவர்களுக்கு வேறு சிக்கல். டொராண்டோவிலோ பாரிஸிலோ வறண்டு கிடந்த தோல், இங்கே கடற்காற்றின் ஈரப்பதத்தில் இரண்டே நாளில் எண்ணெய் வழிய ஆரம்பித்துவிடும். அங்கே இதமாக இருந்த க்ரீம் இங்கே மூக்கிலும் நெற்றியிலும் பளபளத்து, வியர்வையோடு வழிந்து கண்ணில் இறங்கி எரியும். கழுத்தில் வேர்க்குரு கிளம்பும். மூன்றாம் நாள் டியூப் அலமாரிக்குப் போய்விடும், அப்புறம் அது வெளியே வராது. ஆகவே டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்ற பாதுகாப்பு எண்ணைப் பார்ப்பதற்கு முன் பதத்தைப் பாருங்கள். இந்தப் புழுக்கத்தில் மத்தியானம் மறுபடி பூசிக்கொள்ள மனசு வருகிற பதம் எதுவோ, அதுதான் உங்களுக்கான சன்ஸ்க்ரீன்.

எண் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. எஸ்பிஎஃப் 30 என்றால், தோலைப் பொசுக்கும் புற ஊதாக் கதிரான யுவிபியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் சுமார் 98. இடையில் இருப்பது ஒரே ஒரு சதவீதம். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்த கணக்கு. நாம் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்த்துவிட்டு 50 போட்டிருக்கிறேன் என்று கிளம்பினால் அந்த 50 கிடைக்காது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் அளவு. இவ்வளவையும் ஒரே தடவையில் தேய்த்தால் எண்ணெய்ப் பசைத் தோலில் உருண்டு திரண்டு வரும். ஒரு விரலளவைப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு, அடுத்ததைப் பூசினால் படியும். வெளியே கிளம்ப ஒரு கால் மணி நேரம் முன்பே பூசிவிடுவது நல்லது.

எஸ்பிஎஃப் சொல்வது பெரும்பாலும் யுவிபியைப் பற்றித்தான். மங்கும் கருந்திட்டும் வரக் காரணமான யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்குத் தனி அடையாளம் உண்டு. இந்தியக் கடைகளில் பிஏ+++ அல்லது பிஏ++++ என்று போட்டிருக்கும். ஐரோப்பிய டியூபில் வட்டத்துக்குள் யுவிஏ என்று இருக்கும். அது எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது யுவிஏ பாதுகாப்பு இருக்கிறது என்பதன் அடையாளம். இரண்டில் ஒன்றுகூட இல்லாததைத் தொட வேண்டாம். அமெரிக்க டியூபில் இரண்டும் பெரும்பாலும் இருக்காது, 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று மட்டும் இருக்கும். அங்கே சன்ஸ்க்ரீன் மருந்துக் கணக்கில் வருகிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அழகுசாதனக் கணக்கு. அதனால் பெமோட்ரிசினால் போன்ற புதிய வடிகட்டிகள் (கதிரைத் தடுக்கும் பொருள்கள்) ஐரோப்பாவுக்கு வந்து இருபது வருடம் ஆன பிறகும் அமெரிக்கக் கடைகளில் கிடைக்காமலே இருந்தன. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் டியூபைச் சுமந்து வருவதைவிட இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரான்சுக்காரர்கள் கதை வேறு. புதுச்சேரியில் பாதி வீட்டில் அங்கே ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார். ஃபார்மசியில் வாங்கிய டியூபுகளைப் பெட்டி நிறைய அள்ளி வருவார்கள், இங்கிருப்பவர்களும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நல்ல சரக்குதான். 2022-இல் லா ரோஷ்-போஸே என்ற பிரெஞ்சு கம்பெனி கொண்டுவந்த மெக்ஸோரில் 400 வடிகட்டி, நீண்ட அலை யுவிஏவைப் பிடிக்கிறது. ஆனால் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் 'க்ரீம்' என்றும் 'ஃப்ளூயிட்' என்றும் தனித்தனியாக வரும். ஊருக்கு எடுத்து வருவதாக இருந்தால் ஃப்ளூயிட்டை எடுங்கள். க்ரீம் அந்த ஊர்க் குளிருக்கே சரி.

எண்ணெய்ப் பசைத் தோல்காரர்களுக்கு என் யோசனை, வந்து இறங்கியபின் இங்கேயே வாங்குவது. நேரு வீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ எந்த மெடிக்கலிலும் ஜெல் பதத்தில் கிடைக்கும். ஏக்னி-யுவி, லா ஷீல்டு, ஃபோட்டோஸ்டேபிள் மாதிரி தோல் டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தருகிற பெயர்கள் கடைக்காரருக்குத் தெரிந்தவை. அதிலும் ஜெல்லா லோஷனா என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள். 'நான்-கொமெடோஜெனிக்' என்று போட்டிருந்தால் துளைகளை அடைக்காத வகை. நியாசினமைடு என்ற வைட்டமின் பி3 வகை சேர்ந்திருந்தால் நல்லது. ஷியா பட்டர், தேங்காய் எண்ணெய் இருந்தால் வைத்துவிடுங்கள்.

கடையில் கேட்கும்போது "எனக்கு ஆயிலி ஸ்கின், ஜெல் டைப் சன்ஸ்க்ரீன் குடுங்க" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். "முகத்துக்குப் போடுற க்ரீம்" என்று பொதுவாகக் கேட்டால், "கலர் வர்றதுக்காங்க?" என்று திருப்பிக் கேட்டு வேறு ஒரு டியூப் மேசைக்கு வரலாம். அப்படி வருவதில் சிலவற்றில் ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் முகத்துக்குப் போடக் கூடாத மருந்து அது. தோலை மெல்லியதாக்கி, வெயில் பட்டாலே சிவக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். "என்ன இப்படிக் கறுத்துட்ட?" என்று அத்தை கேட்டதற்காக அதை வாங்கிவிடாதீர்கள்.

வாங்கியதும் ஒரு சின்னச் சோதனை. புறங்கையில் அல்ல, தாடையோரத்தில் கொஞ்சம் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். ஒரு டிஷ்யூவை அழுத்தி எடுத்தால் எண்ணெய் வட்டம் விழுகிறதா என்று தெரிந்துவிடும். பூசிய இடம் மாநிறத் தோலில் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால், கல்யாண போட்டோவில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

உணர்திறன் கூடிய தோலுக்கு இந்த ஆலோசனையை அப்படியே தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்து புதிதாக எதையும் முயல வேண்டாம். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே ஒன்றைத் தேர்ந்து, காதுக்குப் பின்னால் சில நாள் தடவிப் பார்த்து, ஒத்துக்கொண்டால் அதையே எடுத்து வாருங்கள். ஜிங்க் ஆக்சைடு அடிப்படையிலானவை எரிச்சல் குறைந்தவை, கண்ணையும் அவ்வளவாக எரிக்காது. அந்த வெள்ளைப் பூச்சுதான் பிரச்சினை. அதற்கு நிறமூட்டிய வகையை எடுக்கலாம். அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு வெள்ளையை மறைப்பதோடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் தடுக்கும். மங்கு இருப்பவர்களுக்கு அது கூடுதல் லாபம். வாசனை சேர்த்ததை ஒதுக்குங்கள். மிக லேசாக, பட்டென்று உலர்கிற ஃப்ளூயிட்களில் பலதும் ஆல்கஹாலால்தான் அப்படி உலர்கின்றன. எண்ணெய்த் தோலுக்கு அது சுகம், சிவந்து எரிகிற தோலுக்கு ஆகாது.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. இந்தியா போகிறேன் என்றதும் மலேரியா தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் எழுதித் தரும் பயண மருத்துவர்கள் உண்டு. முகப்பருவுக்கும் அதே மருந்து தருவார்கள். அது தோலை வெயிலுக்கு எளிதில் பொசுங்க வைக்கும். ரெட்டினால், ஐசோட்ரெடினாயின் எடுப்பவர்களுக்கும் வெயில் சீக்கிரம் பிடிக்கும். இவற்றில் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் சன்ஸ்க்ரீனோடு குடையும் சேர்ந்தே வெளியே போகட்டும். வீட்டில் பாசத்தோடு கடலைமாவில் எலுமிச்சை பிழிந்து முகத்துக்குப் போட்டுவிட்டால், நன்றாகக் கழுவாமல் வெயிலில் இறங்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளித்துக் கருந்தழும்பு விழக்கூடும்.

எப்போது பூச வேண்டும் என்பதில் பயந்து சாக வேண்டியதில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7:30 வரை வண்டி விடமாட்டார்கள். அந்த நேர நடைக்கு சன்ஸ்க்ரீன் தேவையே இல்லை. கிழக்கு வெயில் முகத்தில் நேராக அடித்தாலும் அப்போது புற ஊதாக் கதிர் குறைவு. காலை 9 முதல் மாலை 4 வரைதான் கவனம்.

அந்த நேரத்தில் நம்மை ஏமாற்றுகிற இடங்கள் சில உண்டு. பிச்சாவரத்தில் சுரபுன்னைக்கு நடுவே படகு போகும்போது நிழல்தான்; ஆனால் அகன்ற நீர்ப்பரப்புக்கு வந்ததும் தலைக்கு மேல் ஒன்றும் இருக்காது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சுற்றுவட்டாரச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரிசையாக நிற்க, கூட்டத்தோடு மணலில் மணிக்கணக்கில் நிற்போம். உலர்ந்த கடல் மணல் 15 சதவீதம், அலைநுரை 25 சதவீதம் புற ஊதாக் கதிரைத் திருப்பி மேலே அடிக்கும் என்பதால் அங்கே குடை மட்டும் போதாது. சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் போகும் மணல்திட்டும், கடலூர் வெள்ளிக் கடற்கரையும் அப்படித்தான். கடலில் இறங்குவதாக இருந்தால் 'வாட்டர் ரெசிஸ்டென்ட்' என்று போட்டது வேண்டும். 80 நிமிடம் என்று போட்டிருந்தாலும், ஏறி வந்து துண்டால் துடைத்ததும் மறுபடி பூச வேண்டியதுதான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவதுதான் விதி. வியர்வை மேலேயே பூசாதீர்கள். கைக்குட்டையால் ஒற்றி எடுத்து, அரை நிமிடம் காற்றாட விட்டுப் பூசினால் திரளாது. திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்தம் என்று மேக்கப்போடு போகும்போது இது நடக்காது. அன்றைக்குக் காலையில் நன்றாகப் பூசிவிட்டு நிழலில் நின்றுகொள்ளுங்கள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கொசு மருந்து தடவுவதாக இருந்தால் முதலில் சன்ஸ்க்ரீன், அது காய்ந்தபின் கொசு மருந்து. டீட் கலந்த மருந்து எஸ்பிஎஃபைக் குறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ராத்திரி கட்டாயம் கழுவ வேண்டும். கடலோரத்து உப்புத் தண்ணீர் வீடுகளில் சோப்பு நுரைக்காது. மிதமான ஃபேஸ்வாஷ் ஒன்று கையோடு இருந்தால் நல்லது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கும் பழக்கம் பருத் தோலுக்கு வேண்டாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைக்கு ஒரு கிராம் போல ஆகும். நாளுக்கு மூன்று முறை என்றால் 50 கிராம் டியூப் ஒருவருக்கு இரண்டு வாரத்தைச் சற்றுத் தாண்டும். குடும்பத்துக்கே ஒன்று என்று வாங்கினால் பத்தாது. வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் டியூபை விட்டுவிடாதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். தண்ணீராகப் பிரிந்தோ மணம் மாறியோ வந்தால் தூக்கிப் போடுங்கள். முகம் எரிந்து சிவந்து இரண்டு நாளாகியும் அடங்கவில்லை என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். கோரிமேடு ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது, ஆனால் கூட்டம் இருக்கும். சில நாள் விடுமுறையில் வந்தவர்களுக்கு ஊருக்குள் இருக்கும் தனியார் டாக்டரே சுலபம். திரும்பும்போது மிச்சமிருப்பதைக் கைப்பையில் வைப்பதானால் 100 மில்லிக்குள் இருக்கிற டியூபாக இருக்கட்டும்.