முதுமையில் நுண்தாதுக்கள்: ரிப்போர்ட்டைப் பார்த்ததும் செய்யும் தவறுகள்

வயதானவர்களின் ரத்தப் பரிசோதனையில் துத்தநாகம் குறைந்தும் தாமிரம் சற்றுக் கூடியும் இருப்பது அடிக்கடி நடப்பதுதான். நாள்பட்ட நோய் உள்ளவர்கள் பலரிடமும் இதே நிலை. உடனே "துத்தநாகம் குறைந்ததால்தான் நோய் வந்தது" என்று முடிவுகட்டி மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

பல நேரம் நடப்பது தலைகீழ். உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் ரத்தத்திலுள்ள துத்தநாகத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தையோ கூடுதலாகச் சுரக்கும். சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லாமலே ஒன்று இறங்கி மற்றது ஏறிவிடும். முதுமையில் லேசான அழற்சி ஓயாமல் இருப்பது சகஜம். போதாக்குறைக்கு, உடலின் மொத்தத் துத்தநாகமான 2 முதல் 3 கிராமில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இருப்பது சுமார் 0.1 சதவீதமே. சாப்பிட்ட பின் ரத்தம் எடுத்தாலும் அளவு இறங்கும். சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் பரிசோதனையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காத துத்தநாக அளவை நான் பெரிதாக நம்பமாட்டேன்.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை எதிர்த்திசையில் ஏமாற்றும். அழற்சியில் அது ஏறுவதால் இரும்புச்சத்து குறைந்திருந்தாலும் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரலாம். குறைவு உறுதியானால் மாத்திரையோடு நிறுத்திவிடக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அளவு மீறுவது அடுத்த தவறு. துத்தநாகம் அதிகமானால் குடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறையும். அமெரிக்க வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு உச்சவரம்பு நாளுக்கு 40 மி.கி. மாதக்கணக்கில் அதைத் தாண்டி எடுத்தால் ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கால் மரத்துப்போதல், தள்ளாட்டம் எல்லாம் வரலாம். வீட்டில் அதை "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள்; நரம்புப் பாதிப்போ பல சமயம் முழுதாகச் சரியாவதில்லை. விழித்திரை மையச் சிதைவு என்ற கண் நோய்க்கான ஏ.ஆர்.இ.டி.எஸ். ஆய்வில் 80 மி.கி. துத்தநாகத்தோடு 2 மி.கி. தாமிரமும் சேர்த்தது இதனால்தான். அந்த 80 மி.கி. அந்த நோய்க்கானது, எல்லோருக்குமான சத்து மாத்திரை அல்ல.

செலினியம் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் அடிபட்டது. 35,000க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற 'செலெக்ட்' ஆய்வில் தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கவில்லை. 2008இல் மாத்திரைகளை நிறுத்தினார்கள். வேறோர் ஆய்வில் செலினியம் எடுத்தவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் கூடுதலாக வந்தது.

கடைசியாக, மருந்துச் சீட்டை மறப்பது. தயாசைடு வகை சிறுநீர்ப்பெருக்கிகள் துத்தநாகத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். நெடுநாள் எடுக்கும் அசிடிட்டி மாத்திரை இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதற்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சத்து மாத்திரைகளையும் சேர்த்து முழுப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள்.