நடந்துகொண்டே மெட்டமைக்கலாம்: காவடிச்சிந்து நடையில் முதல் பாட்டு

பழனி மலைத்தொடரில், பூம்பாறையில் இருக்கிறேன். ஒரு பக்கம் குழந்தை வேலப்பர் கோயில், மறுபக்கம் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள். இந்த ஊரில் ஒருவனுக்குப் பாட்டுக் கட்டும் ஆசை வந்தால் அது முருகன் பாட்டாகத்தான் வரும். எனக்கும் வந்தது. முதல் பாட்டின் முதல் வரி ‘மலை மேலே நிற்பவனே’. மெட்டு நன்றாக அமைந்துவிட்ட மகிழ்ச்சியில் ‘ம’வை நான்கு எண்ணிக்கைக்கு இழுத்துப் பாடினேன். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், “எந்த மாலைக்கு மேலே நிற்கிறான் தம்பி?” என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்வரம் தெரிந்திருக்க வேண்டாம். முணுமுணுக்கத் தெரிந்தால் போதும். நடப்பதற்குச் சிறிது இடம் வேண்டும்.

முதல் படி: சொல்ல வந்ததைப் பேச்சாகச் சொல்லுங்கள்

மெட்டைத் தேடாதீர்கள். பழனிக்கு நடந்து போகிறவர்கள் பாட ஒரு வரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘மேகம் மூடிய மலைப்பாதையில் மெல்ல ஏறி வா.’ இதை நான்கைந்து முறை உரக்கச் சொல்லுங்கள். செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே குரல் தானாக நீள்கிறது, எங்கே தடுக்குகிறது என்று கவனித்தால் போதும், இப்போதைக்குத் திருத்த வேண்டாம்.

இரண்டாம் படி: மாத்திரை எண்ணுங்கள்

பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த கணக்குதான். குறில் ஒன்று, நெடில் இரண்டு, ஒற்று அரை. பாட்டுக்கு இதைக் கொஞ்சம் எளிதாக்கிக்கொள்ளலாம்: குறிலோடு ஒற்று சேர்ந்தால் அதையும் நெடில் அளவுக்கு இரண்டாக எண்ணுங்கள். ‘மெல்’ இரண்டு, ‘ல’ ஒன்று.

தமிழில் நீளம் என்பது பொருள். மலையும் மாலையும், வனமும் வானமும், விடுவும் வீடும், கொடியும் கோடியும் நீளத்தால்தான் வேறுபடுகின்றன. எனவே மெட்டில் நீண்டு நிற்கும் இடத்தில் நெடில் வரட்டும். தாலாட்டை நினைத்துப் பாருங்கள். மெதுவாக இழுத்துப் பாட வேண்டிய பாட்டு அது, அதனால் தொடக்கமே ‘ஆராரோ’; மூன்றும் நெடில். படகுப் பாட்டின் ‘ஏலேலோ’வும் அப்படியே. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கும் படகுக்காரர்களுக்கும் தெரிந்திருந்த இந்தக் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

குறிலை நீட்டவே கூடாதா? நீட்டலாம். இசையில் எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிக்கும், ஒற்றும் நீளும் என்று தொல்காப்பியத்தின் நூன்மரபு என்ற இயல் தன் கடைசி நூற்பாவில் வழிவிட்டிருக்கிறது. ஆனால் எந்த ஒற்று என்று பார்க்க வேண்டும். ‘மெல்ல’ என்பதில் ‘மெ’வை நீட்டினால் ‘மேல்ல’ ஆகிவிடும். ‘ல்’லில் நாக்கை நிறுத்தி நீட்டினால் சொல் கெடாது. ம், ன், ல், ள், ர், ழ் போன்ற மெல்லினமும் இடையினமும் இப்படி நீளும். க், ட், த், ப் போன்ற வல்லினத்தில் மூச்சு அடைபடும். ‘பட்டு’ என்று பாடும்போது ‘ட்’டில் நின்று பாருங்கள், பாட்டே நின்றுபோகும்.

இன்னொன்று: ‘மூடு’, ‘மீது’, ‘காற்று’ ஆகியவற்றின் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான். புதிதாக மெட்டமைப்பவர்கள் வரி முடிகிறதே என்று அதைப் பிடித்து இழுப்பார்கள். ‘காற்றூ’ என்று கேட்கும். நெடிலில் நின்றுவிட்டு உகரத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: நடையில் உட்கார வையுங்கள்

காவடிச்சிந்து நடந்தபடி, ஆடியபடி பாடுகிற பாட்டு. இதன் நடை பெரும்பாலும் திஸ்ரம், அதாவது மூன்று மூன்றாகப் போவது: தகிட, தகிட. காவடித் தண்டு தோளில் ஏறி இறங்கும் அசைவு அதில் இருக்கிறது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் கழுகுமலை முருகன்மேல் பாடி இந்த வடிவத்துக்குப் பெரும்பெயர் தேடித் தந்தார்.

நம் வரியில் ‘மலைப்பாதையில்’ என்ற சொல் மூன்றில் அடங்காமல் முட்டுகிறது. எனவே சொற்களை மாற்றுவோம். முதலில் தத்தகாரம், அதாவது சொல் இல்லாத வெறும் ஓசை:

தான தான தான தான தான தான தானனா

‘தான’ என்றால் இரண்டும் ஒன்றும் மூன்று. இதில் சொற்களை ஊற்றினால்:

மேக மூடு பாதை மீது மெல்ல மெல்ல ஏறிவா

எழுந்து நின்று, காலடிக்கு ஒரு ‘தான’வாக நடந்து சொல்லிப் பாருங்கள். மே, மூ, பா, மீ என்று ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் கால் தரையில் படும்போது விழுகிறது. ‘வா’ தனியாக மூன்று எண்ணிக்கையையும் எடுத்துக்கொள்கிறது, அங்கே மூச்சு வாங்கலாம். எட்டுக் காலடி முடிந்திருக்கும். ஆதி தாளத்தின் எட்டுத் தட்டு அதுதான். திஸ்ர நடையில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று.

நான்காம் படி: எதுகைக்குத் தாளத்தில் ஓர் இடம் உண்டு

இரண்டாவது அடி: ‘தோகை ஆட வேலும் ஆட மேடு நூறு தாண்டிவா.’ மேக, தோகை: இரண்டாம் எழுத்து ககர வருக்கம், எதுகை அமைகிறது. எதுகையில் முதலெழுத்துகளும் அளவொத்து நிற்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று இலக்கணம் ஏன் வற்புறுத்துகிறது? தாளம் போட்டால் புரியும். ‘மேக’வில் ககரம் மூன்றாவது எண்ணிக்கையில் விழுகிறது. ‘தோகை’யிலும் அங்கேதான். இரண்டாவது அடியை ‘முகில்’ என்று தொடங்கியிருந்தால் ‘கி’ ஓர் எண்ணிக்கை முந்திக்கொண்டு வந்துவிடும். காதுக்கு எதுகை கிடைக்காது.

ஐந்தாம் படி: இப்போதுதான் மெட்டு

காவடிச்சிந்து என்றதும் பலர் நினைவுக்கு வருவது செஞ்சுருட்டி ராகம். அரிகாம்போதி ராகத்திலிருந்து பிறந்த ஜன்ய ராகம். வழக்கமாக மேல் ஸட்ஜத்தை (ஸ) எட்டாமல் நிஷாதத்தோடு (நி) திரும்பிவிடும். கூட்டத்தில் எல்லோர் குரலுக்கும் எட்டுகிற உயரம். ஆர்மோனியம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இதை வாசிக்கச் சொல்லுங்கள்:

ரி , க | ம , ம | ப , ம | க , ரி | க , ரி | ஸ , நி | த , ஸ | ஸ , ,

மே – க | மூ – டு | பா – தை | மீ – து | மெல் – ல | மெல் – ல | ஏ – றி | வா – –

கடைசியில் வரும் நியும் தவும் கீழ் ஸ்தாயி, அதாவது தொடக்க ஸவுக்கும் கீழே உள்ளவை. காற்புள்ளி, முன்னால் உள்ள ஸ்வரத்தின் நீட்சி. மெட்டு நீண்டு நிற்பது நெடிலிலும் ‘மெல்’லிலும்தான், குறில்கள் ஓர் எண்ணிக்கையோடு நகர்ந்துவிடுகின்றன. ‘ஏறிவா’ என்ற இடத்தில் மெட்டு கீழே இருக்கிறதே என்று ஒரு நண்பர் குறை சொன்னார். உண்மைதான். மலையேறி மூச்சு வாங்குகிறவனுக்கு வரியின் முடிவில் தாழ்ந்த ஸ்வரம்தான் வசதி என்று சமாளித்தேன். நீங்கள் வேண்டுமானால் பஞ்சமத்துக்கு (ப) ஏற்றிப் பாருங்கள்.

கடன் வாங்கிய மெட்டு என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. எங்களுக்குப் பக்கத்திலுள்ள கொடைக்கானல் 1845இல் அமெரிக்க மிஷனரிமார் குடியேறிய ஊர். இங்கே கிறிஸ்தவ நண்பர்கள் பாமாலையும் பாடுவார்கள், கீர்த்தனையும் பாடுவார்கள். பாமாலையில் மேல்நாட்டு மெட்டுகள் நிறைய. கீர்த்தனை நம் ராகத்தில், நம் தாளத்தில் பிறந்தது. ஆங்கிலப் பாட்டில் வலுவில்லாத சிறு சொல் ஒன்று தட்டுக்கு முன்பே நுழைந்துவிடுவது சாதாரணம். தமிழ்ச் சொல்லுக்கு எடை முதலெழுத்தில். அத்தகைய மெட்டில் ‘முருகா’ என்று வைத்தால் ‘மு’ வெளியே நிற்கும், ‘ரு’ தலையில் தட்டு விழும். தட்டுக்கு முன் வருகிற இடத்தில் ‘ஓ’, ‘வா’ போன்ற ஓரெழுத்தைப் போட்டுச் சமாளிக்கலாம்.

ஆறாம் படி: மற்றவர்களைப் பாட விடுங்கள்

நீங்கள் பாடினால் எல்லாம் சரியாகத்தான் கேட்கும். எழுதிய தாளைக் கொடுக்காமல் இரண்டு முறை பாடிக் காட்டிவிட்டு, மூன்றாவது முறை வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் தடுக்குகிற இடத்தில் பழுது இருக்கிறது. தைக் குளிரில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு நடந்து பாடியபோது முதல் அடி தடையில்லாமல் போனது. இரண்டாவது அடியில் ‘வேலும் ஆட’ சந்தியில் சேர்ந்து ‘வேலு மாட’ என்று தட்டில் உடைந்தது. ஒரு பையன் உடனே “வேலு மாடா?” என்று கேட்டுச் சிரித்தான். அப்புறம் யாரும் பாடவில்லை, எல்லோரும் மாடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இந்த ஆபத்து உண்டு. அன்றிரவே மாற்றினேன்:

தோகை ஆட மாலை ஆட மேடு நூறு தாண்டிவா

மறுநாள் அதே பாட்டியிடம் பாடிக் காட்டினேன். இம்முறை அது மாலையேதான் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.