ஸ்நூக்கர் டேபிள் கட்டுப்படியாகுமா? கடற்கரை ஊரில் பூல் பார்லர் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

மூன்று பூல் டேபிள்களோடு இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் நான் பார்லர் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், "ஸ்நூக்கர் டேபிள் ஒன்று போடுங்க காக்கா (அண்ணா), தினமும் வந்து ஆடுகிறோம்" என்று குறைந்தது பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் துபாயிலும் தோஹாவிலும் ஸ்நூக்கர் ஆடிப் பழகி, இரண்டு மாத விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தவர்கள். சொல்பவர் விமானம் ஏறிவிடுவார், டேபிள் நம்மிடம் தங்கிவிடும். ஆகவே வேண்டுகோளின் சத்தத்தை வைத்து முடிவெடுக்காமல், அளவுநாடாவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்து முடிவெடுப்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். முழு அளவு ஸ்நூக்கர் டேபிளின் ஆடுபரப்பு நீளத்தில் 11 அடி 8½ அங்குலம், அகலத்தில் 5 அடி 10 அங்குலம். பந்தை அடிக்கப் பொதுவாகப் புழங்கும் க்யூ ஸ்டிக்கின் நீளம் 58 அங்குலம், அதாவது 4 அடி 10 அங்குலம். டேபிளின் ஓரத்து ரப்பர் விளிம்பான குஷனைப் பந்து ஒட்டி நிற்கும்போதும் ஆட்டக்காரர் சுவரில் இடிக்காமல் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டுமானால், நான்கு பக்கமும் அந்த அளவு இடம் விட்டாக வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி வருகிறது. எட்டடி பூல் டேபிளின் ஆடுபரப்பு 88 அங்குலத்துக்கு 44 அங்குலம். அதற்குத் தனியாக 17 அடிக்கு 13½ அடி போதும். இரண்டு டேபிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் நடுவில் உள்ள இடம் இரண்டுக்கும் பொது என்பதால், 22 அடிக்கு 17 அடியில் இரண்டும் அடங்கிவிடும். ஆக, அறையின் அகலத்தில் ஓர் அடி கூடுதலாக இருந்தால், ஒரு ஸ்நூக்கர் டேபிளின் இடத்தில் இரண்டு பூல் டேபிள்களைப் போடலாம். வாடகைக் கட்டடத்தில் தொழில் செய்பவர்கள் இந்த ஒரு கணக்கைத்தான் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும்.

இதைக் கேட்டதும், ஸ்நூக்கருக்கு மணிக்கட்டணத்தை இரட்டிப்பாக்கினால்தான் கட்டுப்படியாகும் என்று தோன்றும். அது பாதி உண்மைதான், ஏனென்றால் காத்திருப்பவர்கள் இருக்கும் நேரத்தில் மட்டுமே இடத்துக்கு விலை உண்டு. இருக்கிற மூன்று டேபிள்களே நிரம்பாத பிற்பகலில் நான்காவது, ஐந்தாவது பூல் டேபிள்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராது. உதாரணத்துக்கு, பூலுக்கு மணிக்கு 150 ரூபாயும் ஸ்நூக்கருக்கு 250 ரூபாயும் வாங்குவதாகக் கொள்வோம். மாலையில் நான்கு மணி நேரம் ஆட்கள் காத்திருக்கும் பார்லரில் இரண்டு கூடுதல் பூல் டேபிள்கள் 1,200 ரூபாய் ஈட்டும். ஸ்நூக்கர் டேபிள் அதே நேரத்தில் 1,000 ரூபாய்தான் ஈட்டும். ஆனால் ஸ்நூக்கருக்கென்றே வருபவர்கள் பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஆடினால் அது 1,500 ரூபாய் ஆகிவிடும். காத்திருப்பு இரண்டு மணி நேரம் மட்டுமே என்றால் பூலுக்கு 600, அதே பிற்பகல் ஆட்டத்தையும் சேர்த்து ஸ்நூக்கருக்கு 1,000. இதன்படி முடிவைத் தீர்மானிப்பது மாலைக் கூட்டமல்ல. கூட்டமில்லாத நேரத்தில் ஸ்நூக்கருக்காகவே படியேறுகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான். உங்கள் கட்டணத்தையும் உங்கள் நேரத்தையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு நாளும் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஆட்கள் காத்திருந்தார்கள், யார் ஸ்நூக்கர் கேட்டார்கள், அவர்கள் ஊரிலேயே இருப்பவர்களா விடுமுறைக்கு வந்தவர்களா என்று எட்டு வாரம் எழுதுங்கள். எந்த எட்டு வாரம் என்பதில் கவனம் தேவை. ரமலான் மாதத்தில் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு இளைஞர்கள் திரண்டு வருவார்கள். அது ஆண்டு முழுவதும் இருக்கும் கூட்டமல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இராமேசுவரம், மண்டபம் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில்தான் இருப்பார்கள், ஆனால் கையில் காசு புரளாது. அப்போது பார்லரில் கூட்டம் இருக்கும், கல்லாவில் இருக்காது. கல்லூரி விடுமுறையும் கணக்கைக் குலைக்கும். இவை எதுவும் குறுக்கிடாத வாரங்களில், ஊரிலேயே வசித்து வாரத்துக்கு இரண்டு முறையாவது ஆடக்கூடியவர்கள் பன்னிரண்டு பேராவது தேறினால் ஒரு டேபிளைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் மதிப்பீடு. இரண்டு ஸ்நூக்கர் டேபிள்களை இந்தக் கரையில் எந்த ஊருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். யாத்திரிகர்கள் லட்சக்கணக்கில் வருகிறார்களே என்று இராமேசுவரத்தில் கணக்குப் போடுபவர்களுக்கும் ஒரு சொல்: தீர்த்தமாட வந்தவர் ஸ்டிக்கைத் தொட மாட்டார்.

அடுத்தது தரை. முழு அளவு டேபிளில் ஐந்து சிலேட்டுக் கற்கள் உண்டு. மொத்த எடை ஒன்றேகால் டன்னுக்குக் குறையாது. அது எட்டுக் கால்களில் இறங்குவதால் ஒவ்வொரு காலும் 150 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. உப்புக் காற்றில் கம்பி துருத்தி, காரை பெயர்ந்து நிற்கும் மாடிகளை நம் ஊர்களில் பார்க்காதவர் இல்லை. எனவே தரைத்தளம் தவிர வேறெங்கும் வேண்டாம். தரைத்தளத்திலும் டைல்ஸைச் சோதியுங்கள். கால்கள் நிற்கப்போகும் எட்டு இடங்களையும் சாக்கட்டியால் வட்டமிட்டு, ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. 'டொக்' என்று வெறுமையாக ஒலித்தால் அடியில் சிமெண்டு நிரம்பவில்லை என்று பொருள். பிறகு நானும் ஒரு ஸ்நூக்கர் டேபிள் போட்டேன், ஆனால் தட்டிப் பார்க்கவில்லை. கார்த்திகை மழையில் ஒரு கால் நூலளவு இறங்கியது. மெல்ல உருட்டிய பந்தெல்லாம், கூப்பிட்டு வைத்தாற்போல, இடப்பக்க மூலைப் பாக்கெட்டை நோக்கித் திரும்ப ஆரம்பித்தது. துணியின் அடியில் இரண்டு கற்கள் சேரும் இடம் விரலுக்கு வரப்பாகத் தட்டுப்பட்டது. துணியை முழுவதும் கழற்றி, கற்களைச் சமன் செய்து, இணைப்பை நிரப்பி, மறுபடி துணி போட வேண்டியதாயிற்று.

இந்தக் கரையில் டேபிளுக்கு உண்மையான எதிரி ஈரக்காற்று. ஸ்நூக்கர் துணி கம்பளியால் ஆனது. அதன் மேல் ஒரே திசையில் படிந்த மென்ரோமம் உண்டு. கம்பளி ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் ரோமம் எழுந்து நின்று பந்தைப் பிடித்து இழுக்கும். குஷனில் பட்டுத் திரும்பும் வேகமும் மாறும். சொரசொரப்பற்ற துணி போட்ட பூல் டேபிளில் இது அவ்வளவாகத் தெரியாது. பன்னிரண்டடி நீளம் உருள வேண்டிய ஸ்நூக்கரிலோ நல்ல ஆட்டக்காரர் மூன்றாவது அடியிலேயே முகத்தைச் சுளிப்பார். 1882-ல் ஊட்டி கிளப்பின் குளிரில் உட்கார்ந்து விதி எழுதப்பட்ட ஆட்டத்தை கடலோர ஈரக்காற்றில் ஆட வைக்கிறோம் என்பதை ஒப்புக்கொண்டு வேலை செய்ய வேண்டியதுதான்.

நாள்தோறும் திறந்தவுடன், வெள்ளைப் பந்து வைத்துத் தொடங்கும் பாக் முனையிலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் முனை நோக்கி மட்டும் பிரஷ்ஷைத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் ரோமம் குலையும். பிறகு அதே திசையில் அயர்ன் செய்யுங்கள். நீராவி அயர்ன் கூடாது. சூட்டைப் பழைய செய்தித்தாளில் வைத்துப் பாருங்கள். தாள் பழுப்பேறினால் துணியும் கருகும். ஓர் இடத்திலும் நிறுத்தாமல் நெடுக இழுத்துச் சென்றால், படிந்திருந்த ஈரமும் ஓரளவு போய்விடும். ஏசியை முதல் ஆட்டத்துக்கு அரை மணி முன்பே போட்டு, கடற்பக்க ஜன்னல்களை நிரந்தரமாக மூடிவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த ஜன்னல் வழியாக மணலும் வரும், ஒரு மணல் துகள் போதும் துணியில் கோடு விழ. இரவில் பிளாஸ்டிக் விரிப்பு போடாதீர்கள், அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்; பருத்தித் துணி போதும். ஏசிக்கும் அயர்னுக்கும் ஆகும் மின்கட்டணத்தை மேலே சொன்ன கணக்கிலிருந்து கழிக்க மறந்தால், லாபம் என்று நினைத்தது மின்வாரியத்துக்குப் போயிருக்கும்.

டேபிள் பொருத்தும் ஃபிட்டர் நம் மாவட்டத்தில் எளிதில் கிடைப்பதில்லை. மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைக்க வேண்டும். ஆகவே விலை பேசும்போதே, பொருத்திய பிறகு ஒரு மழைக்காலம் கழிந்ததும் வந்து மட்டம் பார்த்துத் தருவதை எழுத்தில் வாங்குங்கள். பழைய டேபிள் என்றால், துணியைக் கண்டு மயங்காமல் குஷன் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தால் விலையைக் குறைப்பதைவிட விட்டுவிடுவது நல்லது.

கட்டணத்தை மணிக்கு வைப்பதா, பிரேமுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு வைப்பதா? புதிதாகக் கற்பவர்கள் ஒரு பிரேமை முக்கால் மணிக்கு இழுப்பார்கள் என்பதால் மணிக்கணக்கே பாதுகாப்பு. காத்திருப்போர் இருக்கும் மாலையில் பதினைந்து சிவப்புப் பந்துக்குப் பதில் ஆறு சிவப்புப் பந்து ஆட்டம் என்று ஒரு விதி வைத்தால், பிரேம் சீக்கிரம் முடிந்து டேபிள் கை மாறும். தோற்றவர் டேபிள் காசு கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அதற்கு மேல் பணம் வைத்து ஆடுவதை முதல் நாளிலேயே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் வழக்கமாக வரும் குடும்பத்துப் பிள்ளைகள் நின்றுபோவார்கள்.

நோட்டில் பன்னிரண்டு பேர் தேறவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரே ஒரு பூல் டேபிளைப் போட்டு மீதியைக் காலியாக விட்டு வையுங்கள்; அடுத்த ஆண்டு மறுபடி எண்ணலாம். தேறினால், டேபிளை இறக்கும் வேலையைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்து தரை காய்ந்திருக்கும். தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் நடுவுக்குள், துணி படிந்து, மட்டம் ஒருமுறை சரிபார்க்கப்பட்டு, யார் உண்மையில் தினமும் வருகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும்.